பக்கத்துத் தட்டு

அவளுடைய செல்கள் சாகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது வருடமாக இதே ரோதனை.

மொத்தமாகச் சாகாமல் இருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். முக்கால்வாசி ஒழுங்காகச் செத்துவிடும். குடல் புற்றுநோய் செல் ஒன்று இரண்டாகப் பிரியத் தயாராகிற நேரத்தில் அதை நடுவழியில் மடக்கிப் பிடிக்கிற மருந்து ஒன்றை, செல் வளர்க்கிற தட்டில் அவள் விடுவாள். மடங்கிய செல், போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் உருண்டையாக நிற்கும். பிறகு மேலெல்லாம் கொப்புளம் கிளம்பி, உள்ளே இருப்பதையெல்லாம் தானே பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும். அவ்வளவு நேர்த்தியான சாவு. ஆனால் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் அதே உருண்டையாக நின்று, திருதிருவென்று முழித்துவிட்டு, பிரியாமலே நைசாக நழுவி, எதுவும் நடக்காத மாதிரி மறுபடி தட்டின் தரையில் கால் பரப்பி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கூட்டம் எப்படித் தப்பிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"செத்துத் தொலைங்களேன், சனியன்களா" என்று அவள் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துத் திட்டுவது ஆய்வகத்தில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

வீட்டில் இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் பட்டம் வாங்கியபோது கொண்டாடினார்கள். இரண்டாவதற்கு "இன்னுமா?" என்றார்கள். மூன்றாவதாக ஆராய்ச்சி என்று கிளம்பியபோது கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். பார்க்கிற சொந்தக்காரர்கள் மட்டும் "என்னம்மா, கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்பார்கள், கடையில் பால் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்.

"இல்லை" என்பாள்.

"அப்போ அங்கே என்னதான் பண்றே?"

"செல்லுக்குச் சாப்பாடு வைக்கிறேன்."

உண்மையைத்தான் சொன்னாள். அதற்கும் திமிர் என்று பெயர் வாங்கினாள்.

அப்பாவுக்கே குடலில் கட்டி என்று தெரிந்தபோது அந்தக் கேள்வி நின்றுபோகும் என்று நினைத்தாள். நிற்கவில்லை, முற்றியது.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரே கார், இரண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலுக்கு, இன்னொன்று பக்கத்து இருக்கையில் அப்பாவின் காலுக்கு. பல மாதங்களாக ரத்தம் போவதை "நாள் பூரா உட்கார்ந்தே இருக்கேன்ல, சூடு" என்று மூடி மறைத்தார். அவள்தான் சண்டை போட்டு, இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்யவைத்தாள். குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி. பார்த்தவரையில் வேறு எங்கும் பரவவில்லை. சீக்கிரம் வெட்டி எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர். கொஞ்ச மாதத்துக்கு வயிற்றோடு ஒரு பை ஒட்டியிருக்கும், குடல் ஆறியதும் எடுத்துவிடலாம் என்றார். தேதி கொடுத்தார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவ்வளவு சமத்தாகத் தலையாட்டியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்கு நடுவில் மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் கைவைக்காத தொழில் கிடையாது. வாட்டர் ஃபில்டர் விற்றார். பாதத்தை அமுக்கிவிடும் மெஷின் விற்றார். கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஏதோ ஒரு திட்டத்தில் சேர்த்துவிட்டு, அவர்கள் வருகிற தெருவிலேயே நடக்காமல் இருந்தார். இப்போது மூலிகைச் சாறு. பழுப்பு நிற பாட்டிலோடு ஒரு நாள் மத்தியானம் ஆய்வகத்தின் கேட்டுக்கே வந்து நின்றார்.

"ஒரே ஒரு சொட்டு. உன் கிருமி மேலே போட்டுப் பாரு."

"கிருமி இல்லை மாமா, செல்."

"சரி, செல். செல்லு மேலே போடு. வேலை செய்யலேன்னா நான் இந்தப் பக்கமே வரலை."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை விழவைத்தது. இவரை ஒழித்துக்கட்ட இதைவிட மலிவான வழி கிடைக்காது என்று நினைத்தாள். எப்படியும் அன்று தூக்கியெறிய வேண்டிய பழைய தட்டு ஒன்று இருந்தது. அதில் பிப்பெட் குழாயால் கொஞ்சம் சாற்றை விட்டாள். செல்கள் மூழ்கி வாழ்கிற இளஞ்சிவப்புத் திரவம், அவர்கள் மீடியம் என்று சொல்வது, விட்ட கணமே மஞ்சளாகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, செல்களைச் சூடாக வைத்திருக்கிற இன்குபேட்டரின் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தட்டில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. எல்லாம் சுருங்கி, தரையிலிருந்து பெயர்ந்து, குப்பை மாதிரி மிதந்தது. அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. மூன்று வருடமாக அவள் மண்டையை உடைத்துக்கொள்கிற அந்தத் தப்பிக்கிற கூட்டம்கூட மிச்சமில்லை. கண் வைத்துப் பார்க்கிற குழாயில் போனை ஒட்டிவைத்து ஒரு படம் எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டாள்: "மாமா, உங்க பாட்டில் எல்லாத்தையும் கொன்னுடுச்சு. என் மருந்தைவிடப் பிரமாதம்!" கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

பக்கத்து மேசையில் இருந்த சீனியர் எட்டிப் பார்த்தாள். யார் எதைச் சொன்னாலும் "கன்ட்ரோல் எங்கே?" என்று கேட்பதால் அவளுக்குக் கன்ட்ரோல் அக்கா என்றே பெயர். மருந்து போட்ட தட்டுக்குப் பக்கத்தில், எதுவும் போடாத தட்டு ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் அங்கே கன்ட்ரோல் என்று பெயர். அது இல்லாமல் எதையும் நம்பக் கூடாது.

"பக்கத்துத் தட்டு வெச்சியா?"

"அக்கா, இது எங்க மாமாவுக்காக. சும்மா விளையாட்டு."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்கத் திரும்பினாள்.

அந்தச் சிரிக்கிற பொம்மையை வீட்டில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

*

அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னாள். "உங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி தேதி வேண்டாம்னுட்டார்டீ. அந்த பாட்டிலே போதுமாம். நீயே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டியாமே?"

அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், தலைக்குள் மூன்று முறை அப்பாவைத் திட்டி முடித்திருந்தாள். போய்ப் பார்த்தால் கூடத்தில் அப்பாவும் மாமாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசை மேல் பாட்டில். பாட்டில் மேல் புதிதாக ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் அவள் எடுத்த படம், அதன் கீழே கொட்டை எழுத்தில்: ஆய்வகத்தில் டாக்டரால் நிரூபிக்கப்பட்டது.

"யார் டாக்டர்?" என்றாள்.

"நீதான்" என்றார் மாமா, பெருமை பொங்க.

"நான் இன்னும் டாக்டரே ஆகலை. ஆனாக்கூட வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. எத்தனை பாட்டில்ல ஒட்டியிருக்கீங்க?"

"கொஞ்சம்தான் கண்ணு."

"கிழிங்க. இப்பவே கிழிங்க. எல்லாத்தையும்."

"ஏய், மெதுவா பேசு" என்றார் அப்பா. "பாவம், அவன் நல்லதுக்குத்தானே பண்ணான்."

"தேதியை ஏம்ப்பா விட்டீங்க?"

"நீதானே சொன்னே, எல்லாம் செத்துப்போச்சுன்னு."

"அது தமாஷ்!"

"செத்துப்போச்சா, இல்லையா?"

"செத்துப்போச்சு. ஆனா…"

"அவ்வளவுதான். உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலேர்ந்து வராது. யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், போடான்னு விரட்டியிருப்பேன். கேட்டுப் பாரு இவனை. நீ சொன்னதாலதான்."

உலகத்தில் எத்தனையோ விஷயத்தில் அவள் பேச்சை இந்த மனிதர் கேட்டதே இல்லை. கடைசியில் கேட்டது இதை.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள். "அப்பா, மைதானத்துல மட்டும் ஓட்டிக் காட்டினவனுக்கு நீங்க லைசென்ஸ் வாங்கிக் குடுப்பீங்களா? ரோட்டுல ஓட்டிக் காட்டச் சொல்லுவீங்கல்ல? தட்டுங்கிறது வெறும் மைதானம்ப்பா. அதுல வயிறு இல்லை, கல்லீரல் இல்லை, ரத்தம் இல்லை. நீங்க ஒரு ஸ்பூன் குடிக்கிறது வயித்துல கரைஞ்சு, அங்கே சுத்தி, இங்கே சுத்தி, அந்தக் கட்டிக்கு எவ்வளவு போய்ச் சேரும்? தட்டுல எதைக் கொட்டினாலும் செல் செத்துப்போகும்ப்பா."

அப்பா ரசித்துக் கேட்டார். "நல்லா சொல்றே. நாளைக்கு கிளாஸ்ல இதையே சொல்றேன்" என்றார். சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"உன் தம்பியை ஒரு நாள் அந்த பாட்டிலாலேயே அடிக்கப்போறேன்."

"அடி. ஆனா முதல்ல உங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு அடி" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. "டாக்டர் மேடமா? உங்க மாமாகிட்ட நம்பர் வாங்கினேன். எங்க அண்ணிக்கு மார்புல கட்டி. இந்தச் சாறு எத்தனை வேளை குடுக்கணும்?" குடுக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரி வைத்தியத்தை நிறுத்தவே கூடாது, அந்த ஸ்டிக்கரில் இருப்பது பொய், அதில் இருக்கிற படத்தை எடுத்த மடச்சியே சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, அவர் பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் பேசியிராத விதத்தில் பேசினாள். ராத்திரிக்குள் மாமா ஸ்டிக்கர்களைக் கிழித்துப் படம் எடுத்து அனுப்பினார். கிழித்ததற்குக் கூடவே அழுகிற பொம்மை. பொம்மையைப் பார்க்கத் தெரியாவிட்டாலும் அவருக்குப் போடத் தெரிந்திருந்தது.

அவள் போய்க் கேட்டபோது ஆஸ்பத்திரி மேசையில் இருந்த நர்ஸ் அலுத்துக்கொண்டாள். "வேண்டாம்னு அவரே போன் பண்ணாரும்மா. வர்ற வியாழக்கிழமை ஒரு இடம் இருக்கு. திங்கள் காலையில அவர் வாயாலயே வரேன்னு சொல்லணும். இல்லேன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

அவர் வாயால். அதுதான் சிக்கல்.

*

கண்ணால் பார்த்தால் அப்பா நம்புவார் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியாட்களை ஆய்வகத்துக்குள் விடக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை செல்களுக்கு மீடியம் மாற்றுகிற முறை கன்ட்ரோல் அக்காவினுடையது. "எதையும் தொடக் கூடாது. அரை மணி நேரம். பேராசிரியர் கேட்டா நான் பார்க்கவே இல்லை" என்றாள் அக்கா.

வெள்ளைக் கோட்டு அப்பாவுக்கு முழங்கை வரைதான் வந்தது. உள்ளே வந்தவர், ஓட்டை வண்டியை வாங்க வந்தவர் மாதிரி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உறைகுளிர்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "தொடாதீங்கன்னேன்ல" என்றாள்.

"தட்டித்தானேடீ பார்த்தேன்."

"தட்டறதும் தொடறதுதான்."

அவள் முந்தின நாளே எல்லாவற்றையும் தயார் பண்ணி வைத்திருந்தாள். இந்த முறை ஒழுங்காக. முதல் தட்டை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"இது குடல் புத்துநோய் செல். உங்க பாட்டில் போட்டது."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "செத்துக் கிடக்கு. அதைத்தான் நானும் சொல்றேன்."

தட்டை மாற்றினாள். "இது?"

"இதுவும் செத்துத்தான் கிடக்கு."

"இது தோலு செல்லுப்பா. நோயே இல்லாதது. நல்லது. உங்க பாட்டில் இதையும் கொன்னுடுச்சு. கெட்டது நல்லதுன்னு பார்க்கலை, எல்லாத்தையும் கொன்னுது. ஏன்னா அது புளிக்காடி மாதிரி புளிப்பு. மீடியம் மஞ்சளாச்சே, அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். அதுல விட்டா எந்தச் செல்லும் பொழைக்காது."

அப்பா யோசித்தார். "கொஞ்சம் ஸ்ட்ராங்கான மருந்துன்னு சொல்லு."

அவள் பல்லைக் கடித்தாள். "உங்க தண்ணி பாட்டிலைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கப்பா."

இன்னொரு தட்டை எடுத்து மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடிதண்ணீரை ஊற்றினாள். "இப்போ பாருங்க. கண்ணை எடுக்காம."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரையில் பரவியிருந்த செல்கள் ஒவ்வொன்றாக உப்ப ஆரம்பித்தன. உப்பி உப்பி, ஓரம் மெலிந்து, சட்டென்று ஒன்று வெடித்துக் கரைந்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று.

"ஐயையோ" என்றார் அப்பா. "என்னடீ பண்ணே? வெறும் தண்ணிதானே?"

"வெறும் தண்ணிதான். நீங்க தினம் குடிக்கிறது. நாளையிலிருந்து புத்துநோய்க்குத் தண்ணி வித்துடலாமா? மாமாகிட்ட பழைய வாட்டர் ஃபில்டர்கூட மிச்சம் கிடக்கும்."

அப்பா தன்னை மறந்து சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டார். அந்தக் கைக்கட்டு அவளுக்குத் தெரியும். சிக்னலில் தப்புத் தன்மேல் இருக்கும்போது போலீஸ்காரரிடம் கட்டுகிற கை.

"சரி. பார்ப்போம்" என்றார்.

"என்னத்தைப் பார்ப்போம்?"

"பார்ப்போம்டீ. ரெண்டு மாசம் குடிச்சுப் பார்க்கிறேன். அப்புறமா வெட்டிக்கறதுன்னா வெட்டிக்கலாம். வெட்டறது எங்கே ஓடிடப்போவுது?"

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இதற்குமேல் அவளிடம் காட்ட எதுவும் இல்லை. வாதம் முடிந்தது, தண்ணீர் முடிந்தது, பொறுமை எப்போதோ முடிந்தது. கடைசியாக ஒரு தட்டு மிச்சம் இருந்தது. காட்டுவதற்கு என்று அவள் அதை நினைக்கவே இல்லை. பழக்கதோஷத்தில், ஒழுங்குக்காக, வைத்த பக்கத்துத் தட்டு.

"இதுவும் குடல் புத்துநோய் செல்தான், ஒண்ணும் போடாதது. சும்மா பார்த்துட்டிருங்க. நான் இந்தக் குப்பையைக் கொட்டிட்டு வரேன்" என்று அதை அடியில் தள்ளிவிட்டு, செத்த தட்டுகளை அள்ளிக்கொண்டு போனாள். அடுத்த அறையில் அவற்றைப் பிளீச்சில் முக்கினாள். கன்ட்ரோல் அக்காவிடம் கொஞ்ச நேரம் அப்பாக்களைப் பற்றிப் பொதுவாகப் பொரிந்து தள்ளினாள். அக்கா தன் பங்குக்குத் தன் மாமனாரைப் பற்றிப் பொரிந்தாள். கை கழுவிக்கொண்டு திரும்பி வரக் கால் மணிக்குமேல் ஆகிவிட்டது.

அப்பா இன்னும் குனிந்தே இருந்தார். கைக்கட்டு அவிழ்ந்திருந்தது. இரண்டு கையும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"ஏய், இங்கே வா. இது என்ன பண்ணுது?"

"எது?"

"நடுவுல, பளபளன்னு உருண்டையா ஒண்ணு. நீ போகும்போது உருண்டையா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் நீண்டுச்சு. இப்போ இடுப்புல கயிறு கட்டி இறுக்கின மாதிரி ஆயிடுச்சு. செத்துப்போகப்போவுதா?"

அவள் அவரை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்தது. அவர் நினைப்பதற்கு நேர் எதிர். "இல்லப்பா. பிரியுது."

"பிரியுதுன்னா?"

"ரெண்டாகுது. பாருங்க."

அவர் மறுபடி குனிந்தார். அவளும் பக்கத்தில் நின்றாள். அறையில் இன்குபேட்டரின் உறுமலைத் தவிரச் சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா மெதுவாகச் சொன்னார், "ரெண்டாயிடுச்சு."

"ம்."

"நான் பார்த்துட்டிருக்கும்போதே ரெண்டாயிடுச்சுடீ. அதோ, ஓரத்துல இன்னொண்ணு உருண்டையாவுது." நிமிர்ந்தார். "இந்தத் தட்டுல என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலேன்னேனே. அதுதான் கன்ட்ரோல். சும்மா விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க வைக்கிறது."

"சும்மா விட்டா" என்றார் அப்பா.

அவரே தட்டையும் தன் வயிற்றையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். பிறகு, வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற பையன் மாதிரி தணிந்த குரலில் கேட்டார். "எனக்குள்ளேயும் இப்படித்தானா? இப்பவா?"

நல்ல பெண் ஒருத்தி இந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். அவளுக்குத்தான் பொய் வராதே.

"இப்பவும்தான். கூடத்துல உட்கார்ந்து நீங்களும் மாமாவும் சிரிச்சீங்களே, அப்பவும். தேதி வேண்டாம்னு போன் பண்ணீங்களே, அந்த போன்ல பேசும்போதும். வெட்டறது ஓடிடாதுதான். ஆனா இது உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்காதுப்பா."

அப்பா வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தார்.

"அந்தப் பையைக் கட்டிக்கிட்டு கார்ல எப்படிடீ உட்காருவேன்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பை?"

"வயித்துல ஒட்டுவேன்னாரே. சின்னச் சின்னப் பொண்ணுங்க ஓட்டக் கத்துக்க வருதுங்க. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, ஏசி போட்டுக்கிட்டு, பக்கத்துல பக்கத்துல உட்காரணும். பிரேக் போட்டா வயித்துலதான் பெல்ட் அழுத்தும். ஏதாவது கசிஞ்சு… நாத்தம் வந்தா?" அவர் அவளைப் பார்க்காமல் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "அப்புறம் எவன்டீ எங்கிட்ட கத்துக்க வருவான்?"

இதுதானா. இத்தனை நாளும் இதுதானா. பாட்டிலும் இல்லை, மாமாவும் இல்லை, அவள் அனுப்பிய பாழாய்ப்போன படமும் இல்லை. அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. அவள் அதை மெனக்கெட்டுப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இதை அவர் டாக்டரிடம்கூடக் கேட்கவில்லை என்பதில் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? அம்மாகிட்டயே சொல்லலை."

"பை கசியாம ஒட்டறதுக்குன்னே ஒரு நர்ஸ் இருக்காங்க, சொல்லித் தருவாங்க. வண்டியில எப்போ உட்காரலாம், பெல்ட்டை எப்படிப் போடலாம்னு டாக்டரையே கேட்கலாம். கேட்டாத்தானே தெரியும்? நாத்தம் வந்தா…" அவள் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "கண்ணாடியை இறக்கி விடுங்க."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது. "ஏசி போகும்டீ."

"போனாப் போவுது."

"அரை மணி நேரம் முடிஞ்சு எவ்வளவோ நேரம் ஆச்சு" என்று அடுத்த அறையிலிருந்து கன்ட்ரோல் அக்காவின் குரல் வந்தது.

அப்பா எழுந்தார். கோட்டைக் கழற்றப் போனவர், என்ன நினைத்தாரோ, இன்னொரு முறை குனிந்து பக்கத்துத் தட்டைப் பார்த்தார். "அந்த இன்னொண்ணும் இடுப்பை இறுக்கிடுச்சு" என்றார். சனியனே என்று அவரும் திட்டியது அவள் காதில் விழுந்தது.

திங்கள் காலையில் அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போடவைத்துக் கேட்டாள். "வரேன்மா. வியாழக்கிழமை வரேன். போன தடவை ஏதோ… வேலையா இருந்துட்டேன்" என்றார். நர்ஸ் மறுபடி அலுத்துக்கொண்டாள். பையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவள்தான் போனைப் பிடுங்கிக் கேட்டாள். அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

*

வியாழக்கிழமை டிரைவிங் ஸ்கூல் காரைத்தான் எடுத்தார்கள். அப்பா ஓட்டக் கூடாது. மாமாவை ஓட்டவிட அவள் தயாராக இல்லை. அவளே உட்கார்ந்தாள். அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டாள், அவர் பள்ளியின் மிக மோசமான மாணவி என்று இன்றைக்கும் பேர். அப்பா பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் ஏறினார். பின்னால் அம்மாவும், மடியில் துணிப்பையோடு மாமாவும். மாமா அழைக்காமலே விடியும்போதே வந்து நின்றிருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை.

முதல் திருப்பத்திலேயே கார் தானாக நின்றது.

"அப்பா."

"லாரி வருதுடீ."

"அது அந்தத் தெருவுல வருது."

அடுத்த சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் கிழித்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, பாலத்தில் ஏறும்போது ஒன்று, காரணமே இல்லாமல் காலி ரோட்டில் ஒன்று. ஒவ்வொரு முறையும் எல்லோரும் முன்னால் போய் விழுந்து எழுந்தார்கள்.

"அத்தான், ஆபரேஷனுக்கு முன்னாடியே எங்களைக் கொன்னுடுவீங்க போலிருக்கே" என்றார் மாமா. "சீட்டுக்கடியில வைக்கற மாதிரி ஒரு மெத்தை இருக்கு, புதுசா வந்திருக்கு, நான்கூட…"

"நீ வாயை மூடு" என்றார்கள் மற்ற மூன்று பேரும்.

ஆஸ்பத்திரி கேட் தெரிந்தது. அவள் இண்டிகேட்டர் போட்டாள். திருப்ப வேண்டிய இடத்தில் கார் மறுபடி முரண்டு பிடித்தது. அவள் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி உறுமியதே தவிர நகரவில்லை.

"அப்பா, காலை எடுங்க."

அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கப்பா. பின்னாடி ஆம்புலன்ஸ் நிக்குது."

அது நிஜம். அப்பா கண்ணாடியில் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் பிரேக்கிலிருந்து எடுத்தார். எடுத்துக் கீழே வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னப் பையன் மாதிரி சீட்டின் மேலேயே மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

கார் ஒரு குலுங்கு குலுங்கி, நாலடி போய், கேட்டுக்கு நட்டநடுவில் பொட்டென்று அணைந்து நின்றது.

"கிளட்ச்சை மிதிடீ! கிளட்ச்சு!" என்று அப்பா கத்தினார். "எத்தனை வருஷமா சொல்லித் தரேன், இன்னும் அதே இடத்துல விட்டுடறா. இவளெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கி…"

ஆம்புலன்ஸ் அலறியது. காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அவள் வாய்க்குள் ஒரு வசவை மென்றுகொண்டே சாவியைத் திருகினாள். அப்பாவின் கால் சீட்டின் மேலேயே இருந்தது.